வெள்ளைக் காளான் கிடைத்தவன் பேசமாட்டான்

ஆகஸ்டின் இரண்டாவது சனிக்கிழமை, மூடுபனி விலகாத காலையில், லூகினோ ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்து காளான் பறிக்கப் போகும் அமைதி வேட்டை மன்றத்தின் பேருந்து கிளம்பியது. அந்த வாரம் முழுக்க வெயிலும் தூறலும் மாறி மாறி விளையாடியிருந்தன. அப்படிப் பெய்கிற மழைக்கு அந்த ஊரில் காளான் மழை என்றே பெயர். அதனால் யார் முகத்திலும் தூக்கம் இல்லை. கல்யாணத்துக்குப் போகிற கும்பல் மாதிரி பேருந்துக்குள் ஒரே சத்தம். கால்களுக்கு நடுவே கூடைகள், மடியில் கறுப்பு ரொட்டியும் அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும், இருக்கைக்கு அடியில் யாரும் கண்டுகொள்ளாத ஒன்றிரண்டு பாட்டில்கள்.

ராயிஸா பெத்ரோவ்னா ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், சன்னலோரமாக, அவள் கணவன் யெஃபீம். அவனுக்கு நேர் பின்னால் வெனியமின். இந்த ஏற்பாடு வருடக்கணக்காக மாறவில்லை.

"என்ன வெனியமின், இன்னைக்கும் என் புருஷன் முதுகைப் பாத்துக்கிட்டே வரப்போறியா?" என்றாள் ராயிஸா திரும்பாமலே.

"முதுகைப் பாத்து என்ன ஆகப்போகுது? கால் எந்தப் பக்கம் போகுதுன்னுல்ல பாக்கணும்."

"பாத்துக்கிட்டேதான் இருக்க. உன் கூடையில நரிக்காளானைத் தவிர ஒண்ணையும் காணோமே."

பேருந்து சிரித்தது. வெனியமினும் சிரித்தான். ஆண்டு முடிவில் மிகச் சிறந்த வெள்ளைக் காளானுக்கு மன்றம் ஒரு கத்தி பரிசு தரும். யெஃபீம் வீட்டில் அந்தக் கத்திகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. வெனியமினிடம் ஒன்றுகூட இல்லை. ஒரே பணிமனையில் வேலை பார்த்து, ஒரே நாளில் ஓய்வு பெற்றவர்கள். காட்டுக்குள் இறங்கினால் மட்டும் பாம்பும் கீரியும்.

யெஃபீம் நெஞ்சை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ணுது?" என்றாள் ராயிஸா.

"கரிக்குது. நேத்து ரொட்டியைச் சூடாத் தின்னேன்ல."

"ஆற விட்டுத் தின்னுன்னா கேட்டாத்தானே."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

லூகினோவில் ராயிஸாவின் முகத்தைத் தெரியாதவர்கள் உண்டு. குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்தவள். ஒலிபெருக்கி பழுதானால் நடைமேடையில் இறங்கி நின்று கத்துவாள். கடைசிப் பெட்டிவரை கேட்கும். அவள் பிறந்தபோது அழுத அழுகையில் மருத்துவமனைப் பூனை ஊரை விட்டே ஓடிவிட்டது என்று அவள் அப்பா சொல்வாராம்.

யெஃபீமுக்கு வேலை வேறு விதம். வண்டி வந்து நின்றதும் நீளக்காம்புச் சுத்தியலோடு சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவான். நல்ல சக்கரம் மணி மாதிரிப் பேசும், விரிசல் விட்டது செருமும். ஒரு நாள் அவன் அறிவிப்பு அறையின் கதவைத் தட்டி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் தட்டும்போது கொஞ்சம் பேசாம இருக்க முடியுமா? சக்கரம் சொல்றது காதுல விழ மாட்டேங்குது" என்றான். ராயிஸாவிடம் அவன் பேசிய முதல் வார்த்தைகள் அவைதாம். அவள் கோபத்தில் அன்று வடக்கே போகும் வண்டியைத் தெற்கே போவதாக அறிவித்துத் திட்டு வாங்கினாள். அடுத்த இலையுதிர் காலத்தில் கல்யாணம். இன்னா என்று ஒரு மகள். அவள் வளர்ந்து அர்க்காங்கெல்ஸ்குக்கு மணமாகிப் போனாள். அதன்பின் வீட்டில் ராயிஸா பேசுவதும் யெஃபீம் தலையாட்டுவதுமாக நாட்கள் ஓடின.

மன்றம் தொடங்கியபோது, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை கப்பிட்டலீனா அர்க்காதியெவ்னா ஒரு பார்வையிலேயே முடிவு செய்துவிட்டார்: காட்டில் கூவுகிற வேலை ராயிஸாவுக்கு. மற்றவர்கள் காட்டுக்குள் சிதறிப் போவார்கள். ராயிஸா பேருந்தை விட்டு அதிகம் விலகாமல், கைக்கெட்டியதைப் பறித்துக்கொண்டு, அவ்வப்போது இரண்டு கைகளையும் வாயருகே குவித்து "அவூ...!" என்று கூவுவாள். காட்டின் நாலு பக்கத்திலிருந்தும் "அவூ!", "அவூ!" என்று பதில் வரும். வழி தவறியவர்களுக்கு அந்தக் குரல்தான் திசை.

ஆனால் எல்லோரும் பதில் சொல்வதில்லை. நல்ல இடம் ஒன்றில் கால் வைத்தவன், பாசிக்கு நடுவே வெள்ளைக் காளான்களின் கொழுத்த பழுப்புத் தலைகள் வரிசையாக நிற்பதைக் கண்டவன், வாயைத் திறப்பானா? குரல் கொடுத்தால் கூடையோடு நாலு பேர் அந்தத் திசைக்கு வந்து நிற்பார்கள். ஆகவே மூச்சுக் காட்டமாட்டான். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் தப்பாக நினைப்பதில்லை. 'வெள்ளைக் காளான் கிடைத்தவன் பேசமாட்டான்' என்பது மன்றத்தில் பழமொழி மாதிரி. யாராவது பதில் தராவிட்டால் மற்றவர்களுக்குப் பொறாமை வரும். பயம் வராது.

அன்று முதல் கூவலுக்கு எல்லோரும் பதில் சொன்னார்கள், யெஃபீம் உட்பட. அவன் குரல் தேவதாரு மரங்கள் அடர்ந்த பக்கத்திலிருந்து, அதிகத் தூரமில்லாமல், அலுப்போடு வந்தது. இரண்டாவது கூவலுக்கு அவன் பதில் இல்லை.

"ஊமையாயிட்டான்" என்றாள் ஒரு பெண், நரிக்காளான்களைச் சுத்தம் செய்துகொண்டே.

"ஆரம்பிச்சிட்டான் பாரு! இந்த வருஷக் கத்தியும் எங்க வீட்டுக்குத்தான்" என்று ராயிஸா இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். கொசுவை விரட்டக் கிளையொன்றை ஒடித்துக்கொண்டாள். அடுத்து கூவும்போது வேண்டுமென்றே பாட்டு மாதிரி இழுத்தாள்: "அவூ... யெஃபீமூ... பங்கு தரமாட்டியாடா பேராசைக்காரா...!" காடு முழுவதிலிருந்தும் சிரிப்பு வந்தது. தேவதாருப் பக்கம் மட்டும் அமைதியாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பாதிப்பேர் திரும்பினார்கள். யெஃபீம் வரவில்லை. அதுவும் புதிதல்ல, இடம் கிடைத்தால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். வெனியமின் மட்டும் ரொட்டியைக் கையில் பிடித்தபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரொம்ப நேரமா சத்தத்தையே காணோம்" என்றான். "நான் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரேன்."

ராயிஸா வெள்ளரிக்காயை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "உக்காரு. உன் எட்டு எனக்குத் தெரியாதா? அவன் இடத்தைக் கண்டுபிடிக்க உனக்கு ஒரு சாக்கு."

"அதுக்கில்ல, ராயா. காலையில அவன் மூஞ்சியே சரியில்ல."

"அந்த மூஞ்சி கல்யாணத்தன்னைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. உக்காந்து தின்னு."

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ வெனியமினின் தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள். "மாட்டிக்கிட்டியா!" என்றார்கள். அவன் முகம் சிவந்து போனது. அவன் நிஜமாகவே அந்த இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டவன்தான். அதனால் மறுத்துப் பேச அவனுக்கு வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகும் ராயிஸா கூவினாள். முதலில் கேலியாக, பிறகு அலுப்பாக. வெயில் சாய ஆரம்பித்தது. எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். தார்ப்பாயை விரித்து, அன்று கிடைத்தவற்றை வகைவாரியாகப் பரப்பினார்கள். கப்பிட்டலீனா அர்க்காதியெவ்னா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் முகர்ந்து பெயர் சொன்னார். வெள்ளைக் காளானுக்கென்று ஒதுக்கிய மூலையில் இரண்டு மூன்று சோப்ளாங்கிகள் மட்டுமே கிடந்தன. எல்லோருடைய கண்களும் அந்த மூலையைப் பார்ப்பதும் காட்டைப் பார்ப்பதுமாக இருந்தன. யெஃபீம் நிறைந்த கூடையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி வெளியே வரும் காட்சிக்காக ஒரு நாடகக் கூட்டம்போலக் காத்திருந்தார்கள்.

"யெஃபீம்! நேரமாச்சு!" ராயிஸாவின் குரலில் இப்போது கோபம் ஏறியிருந்தது. "விளையாட்டு போதும், வா!"

ஓட்டுநர் ஸ்தாஸ் சிகரெட்டை மிதித்து அணைத்தான். "வழக்கமான வைத்தியம் பண்ணிடவா, ராயிஸா பெத்ரோவ்னா?"

பண்ணு என்றாள்.

அந்த வைத்தியம் எப்போதும் பலித்திருக்கிறது. எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். ஸ்தாஸ் நீளமாக ஒலிப்பானை அழுத்தி, நிஜமாகவே கிளம்புவதுபோலப் பேருந்தை வளைவுவரை ஓட்டுவான். வண்டி போகிற சத்தம் கேட்டதும், எவ்வளவு பெரிய பேராசைக்காரனும் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புதரைக் கிழித்துக்கொண்டு ஓடிவருவான். போன ஆண்டு ஒரு கால் செருப்பில்லாமல் ஓடிவந்த தபால்காரரைச் சொல்லிச் சொல்லி இன்னமும் சிரிக்கிறார்கள்.

பேருந்து ஒலித்தது. உறுமியது. கிளம்பியது. எல்லோரும் பின்பக்கக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். சாலையும் மரங்களும்தான் தெரிந்தன. வளைவில் வண்டி நின்றது. ஸ்தாஸ் மறுபடி ஒலிப்பானை அழுத்தினான். யாரும் ஓடிவரவில்லை.

உள்ளே ஒருவர்பின் ஒருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

ராயிஸா எழுந்து நின்றாள். "கதவைத் திற" என்றாள். அவ்வளவு பெரிய குரல் உள்ளவளின் வாயிலிருந்து வந்த அந்தச் சொல் பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்கவில்லை. ஸ்தாஸ் அவள் முகத்தைப் பார்த்துத்தான் கதவைத் திறந்தான்.

வெனியமின் அவளை முந்திக்கொண்டு ஓடினான். அவனுக்கு வழி தெரிந்திருந்தது. காலையில் கொஞ்ச தூரம் யெஃபீமின் பின்னாலேயே போயிருந்தான். தேவதாருக்களுக்கு நடுவே, காற்றில் விழுந்த ஒரு பெருமரத்தின் மறுபக்கத்தில், யெஃபீம் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தொப்பி முழங்காலில் இருந்தது. பக்கத்தில் கூடை, மேலே பெரணி இலைகளால் மூடி, அடியில் நிறைய வெள்ளைக் காளான். ஒன்றில்கூடப் புழு இல்லை. அவன் கை குளிர்ந்துவிட்டிருந்தது.

வெனியமின் 'அவூ' என்று கூவவில்லை. "ராயா!" என்று ஒரே ஒரு தடவை கத்தினான். ராயிஸா வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. காலையிலிருந்து அவள் நின்ற இடத்துக்கும் அந்த மரத்துக்கும் இடையே இருந்தது கூப்பிடு தூரம்தான்.

அவள் அழவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து அவன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள். அது சரியாக உட்காரவில்லை. மறுபடி சரிசெய்தாள். பிறகு அவன் காதருகே குனிந்து, வீட்டில் பேசுகிற மெல்லிய குரலில், "யெஃபீம், எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க" என்றாள்.

அந்தக் காட்டில் அலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. இருந்த பேருந்திலேயே அவனைக் கொண்டுவந்தார்கள். பின் இருக்கைகளில் தார்ப்பாயை விரித்துக் கிடத்தினார்கள்; காளான்களை எங்கே கொட்டினார்கள் என்று பிற்பாடு யாருக்கும் நினைவில்லை. யெஃபீமின் கூடை மட்டும் ராயிஸாவின் மடியில் ஊர் வந்து சேர்ந்தது.

மருத்துவர் இளம்வயதுக்காரர். இதயம் என்றார். "சீக்கிரம் பாத்திருந்தா?" என்று ராயிஸா கேட்டாள். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்றார். "நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்குமா?" என்று அவள் அடுத்துக் கேட்டாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். 

அன்றிலிருந்து ராயிஸாவுக்கு அந்த ஒரு கேள்விதான் வாழ்க்கை. கேட்டும் பதில் சொல்ல முடியாமல், நாக்கு எழாமல், அவள் கேலி பாடுவதையும் எல்லோரும் சிரிப்பதையும் கேட்டபடி அந்த மரத்தடியில் கிடந்தானா? அல்லது அவள் முதல் கேலியைச் சொல்லும் முன்பே போய்விட்டானா? இரண்டாவதாக இருக்கட்டும் என்று தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினாள். கணவன் சீக்கிரமாகச் செத்திருக்க வேண்டும் என்று ஒரு பெண்டாட்டி வேண்டிக்கொள்வதை நினைத்து வெட்கப்பட்டு, பாதியிலேயே வெளியே வந்தாள்.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்து எல்லோரும் போனபின் வெனியமின் மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் இருந்த அப்பம் ஆறிப்போயிருந்தது.

"நான் போயிருக்கணும்" என்றான்.

"ஆமா. போயிருக்கணும்."

"நீ உக்காருன்னியே, ராயா."

"நான் சொன்னா? நான் எத்தனையோ சொல்லுவேன். நான் சொன்னதை என்னைக்காவது கேட்டிருக்கியா நீ? அன்னைக்கு மட்டும் ஏன் கேட்ட?"

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அதன்பிறகு கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் ஒதுங்கினார்கள். கோபத்தால் அல்ல. ஒருவர் முகத்தில் மற்றவர் அந்த மதியச் சாப்பாட்டைப் பார்த்தார்கள்.

கூடையிலிருந்த காளான்களை அவள் நறுக்கி, நூலில் கோத்து, அடுப்புக்கு மேலே காயவைத்தாள். சமைக்க மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை. இன்னா வந்திருந்தபோது ஒருமுறை, "அம்மா, பூச்சி விழுந்திருச்சும்மா" என்று மெதுவாகச் சொல்லி, துணிப்பையோடு எடுத்துப்போய் எங்கேயோ கொட்டிவிட்டு வந்தாள். எங்கே என்று ராயிஸா கேட்கவில்லை.

வேலைக்குப் போனாள். போனதுதான் தப்பு. அறிவிப்பைச் சொல்லி முடித்தபின் பொத்தானை அணைக்க அவள் கை போகாது. யாரோ பதில் சொல்லப்போவதுபோலக் காத்திருப்பாள். நடைமேடையில் நிற்கிறவர்களுக்கு ஒலிபெருக்கியில் ஒரு பெண் மூச்சு விடுவது கேட்கும். நிலைய அதிகாரி நல்ல மனிதர். இரண்டு தடவை பார்க்காததுபோல இருந்தார். மூன்றாம் தடவை ராயிஸாவே சாவிக்கொத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மன்றம் சட்டத்தை மாற்றியது. கூப்பிட்டால், என்ன கிடைத்திருந்தாலும், பெயரைச் சொல்லிப் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காதவனுக்கு அடுத்த முறை பேருந்தில் இடம் கிடையாது. இதைச் சொல்ல கப்பிட்டலீனா அர்க்காதியெவ்னா வீட்டுக்கே வந்தார். "நீ திரும்ப வரணும் ராயிஸா. உன் குரல் மாதிரி வேற யாருக்கு இருக்கு?" என்றார். ராயிஸா தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். தன் குரல் எதுவரை எட்டியது, எதுவரை எட்டவில்லை என்று தெரியாதவள் எப்படிக் கூவுவது என்று அவரிடம் சொல்ல நினைத்தாள். சொல்லாமல் ஜாம் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

ஆண்டுகள் போயின. அவள் பேசுவது குறைந்து குறைந்து, மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் கீழ்வீட்டு அம்மாள் வாய் பேசாதவர் என்று நினைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அதைக் கேள்விப்பட்ட பழைய ஆட்கள் சிரிக்கவில்லை.

மன்றத்துக்கு வயது கூடியதைக் கொண்டாட யாரோ பழைய புகைப்படங்களை இணையத்தில் போட்டார்கள். கத்தியோடும் காளானோடும் யெஃபீம் நிற்கிற படமும் அதில் இருந்தது. இன்னா வாங்கிக் கொடுத்த அலைபேசியில் மறுநாள் ஒரு குரல்செய்தி வந்து கிடந்தது. தெரியாத எண். ராயிஸா சமையலறையில் நின்றபடியே அதை அழுத்தினாள். இளம் பெண்ணின் குரல்.

"ராயிஸா பெத்ரோவ்னா, உங்களுக்கு என்னைத் தெரியாது. என் பேரு அக்லாயா. காட்டுக்கு அந்தப் பக்கக் கிராமம். படத்துல இருக்கிறவரை நான் பாத்திருக்கேன். அப்ப நான் சின்னப் பொண்ணு. அம்மாகூட அவுரிநெல்லிப் பழம் பறிக்க வந்திருந்தேன். விழுந்த மரத்துமேல சாஞ்சு உக்காந்திருந்தார். மூஞ்சி வெளுத்து, வேர்த்திருந்துச்சு. வெயில்னு நினைச்சோம். அப்ப தூரத்துல ஒரு பொம்பளைக் குரல் கூப்பிட்டுச்சு, பாட்டு மாதிரி இழுத்து. நான் பதில் கொடுக்க வாயைத் தொறந்தேன். அவர் உதட்டுமேல விரலை வச்சு, வேணாம்னு என்னைப் பாத்துச் சிரிச்சார். 'என் வீட்டுக்காரிதான்'னார். 'இன்னும் அவளுக்குக் கோவம் வரல. கோவம் வந்ததும் போறேன்'னார். அம்மாவும் சிரிச்சாங்க. பாவம், இடத்தைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சு வேற பக்கம் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் நடந்தது எங்களுக்குத் தெரியாது. அன்னைக்கே அவர் அங்க போயிட்டார்னு படத்துக்குக் கீழ எழுதியிருந்ததை நேத்துதான் படிச்சேன், மன்றத்துல கேட்டு உங்க நம்பரை வாங்கினேன். இதை உங்ககிட்ட சொல்லலாமா கூடாதான்னு ராத்திரி பூரா யோசிச்சேன். தப்பா இருந்தா அழிச்சிடுங்க."